அறுவைச் சிகிச்சைப் பொருட்களுக்கு எந்த எச்எஸ் கோடு? கேள்வி பதில்

இறக்குமதியாகும் அறுவைச் சிகிச்சைப் பொருட்களைச் சுங்கத்தில் எப்படி வகைப்படுத்துவது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எச்எஸ் என்பது உலக சுங்க அமைப்பு வகுத்த பொருள் வகைப்பாட்டு முறை; கோட்டின் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், முதல் நான்கு தலைப்பு. கோடுகள் எல்லாம் 2022 பதிப்பின்படி, முதல் ஆறு இலக்கம் வரை மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களும் வரி விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அவற்றை அந்தந்த நாட்டின் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

சார், நாங்கள் வரவழைப்பது எல்லாமே ஆஸ்பத்திரிக்குப் போகிற சாமான். மொத்தமாக 9018 போட்டுவிடலாம் என்கிறார் ஏஜென்ட். சரியா?

சரியில்லை. 9018 மருத்துவக் கருவிகளுக்கும் சாதனங்களுக்குமான தலைப்பு. சிரிஞ்ச் 9018.31, குழல் வடிவ உலோக ஊசியும் தையல் ஊசியும் 9018.32, உடலுக்குள் செலுத்தும் குழாய்களான கதீட்டர், கானுலா எல்லாம் 9018.39. ஆஸ்பத்திரியில் பயன்படுகிறது என்பதாலேயே ஒரு பொருள் கருவி ஆகிவிடாது. பிளாஸ்திரி 30ஆம் அத்தியாயத்துக்குப் போகும், ரப்பர் கையுறை 40க்கு, நெய்யாத துணியில் தைத்த கவுன் 62க்கு, ஆபரேஷன் மேசை 94க்கு.

வகைப்பாட்டின் முதல் பொது விதியே இதைத்தான் சொல்கிறது. தலைப்பின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான் முடிவு செய்யும். பிரிவு, அத்தியாயங்களின் பெயர்கள் தேடும் வசதிக்கு மட்டுமே; அவற்றுக்குச் சட்டபலம் கிடையாது. மருத்துவ சாதனம் என்று உரிமம் வாங்கியிருப்பதும் கோட்டைத் தீர்மானிக்காது. அது வேறு சட்டம், வேறு கேள்வி. ஏஜென்ட் எண்ணைச் சொன்னால், எந்தக் குறிப்பின்படி என்று தயவுசெய்து திருப்பிக் கேளுங்கள்.

வணக்கம் ஐயா. எங்களுக்குக் காஸ் துணி இரண்டு விதமாக வருகிறது. ஒன்று பெரிய உருளை. இன்னொன்று வெட்டி மடித்துப் பாக்கெட் போட்டது. இரண்டும் அதே பருத்திதான். ஒரே கோடு போதுமா?

போதாது. பஞ்சு, காஸ், பேண்டேஜ் போன்றவை 3005க்குள் வர இரண்டு வழிகள் உண்டு. மருந்துப்பொருள் தோய்த்தோ பூசியோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மருத்துவப் பயன்பாட்டுக்கென்று சில்லறை விற்பனைக்கு ஏற்ற வடிவிலோ பொதியிலோ இருக்க வேண்டும். உங்கள் பாக்கெட் காஸ் இரண்டாவது வழியில் 3005.90க்கு வந்துவிடும். ஒட்டும் பசை உள்ள டிரஸ்ஸிங் என்றால் 3005.10.

சில்லறை விற்பனை என்றதும் மருந்துக்கடையை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகளின்படி, மறுபடி பொதி பிரிக்காமல் நேரடியாக ஆஸ்பத்திரிக்கு விற்கப்படுவதும் இதில் அடங்கும். ஸ்டெரைல் (கிருமிநீக்கம்) செய்ததா இல்லையா என்பது 3005க்குப் பொருட்டே இல்லை.

பெரிய உருளை துணியாகத்தான் பார்க்கப்படும். இங்கே 5803ல் காஸ் என்று இருப்பதைப் பார்த்துப் பலர் அதைப் போட்டுவிடுகிறார்கள். 58ஆம் அத்தியாயத்தின் 3ஆம் குறிப்பைப் படியுங்கள்: நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் ஒன்றையொன்று குறுக்காகச் சுற்றிவரும் நெசவுக்கு மட்டுமே அந்தத் தலைப்பு. ஆஸ்பத்திரிக் காஸ் பெரும்பாலும் சாதா நெசவு. பருத்தி 85 சதவீதத்துக்குக் குறையாமல், எடை சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாமல் இருந்தால் 5208க்குப் போகும். சில்லறைப் பொதி இல்லாத மொத்தப் பஞ்சு 5601.

தையல் நூலோடு ஊசியும் சேர்ந்தே வருகிறது. நூலுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். ஊசி பொருத்திய ஸ்டெரைல் தையல் நூல் மொத்தமும் 3006.10. ஆனால் இங்கே ஸ்டெரைல் என்பது கட்டாய நிபந்தனை. ஸ்டெரைல் செய்யாத நூல் அதனதன் மூலப்பொருளைத் தேடிப் போய்விடும்: கேட்கட் (விலங்குக் குடலில் செய்த நூல்) 4206க்கு, செயற்கை ஒற்றையிழை 54ஆம் அத்தியாயத்துக்கு, உலோகக் கம்பி அந்தந்த உலோகத்துக்கு. அதனால் இன்வாய்ஸில் நூல் என்று மட்டும் எழுதி அனுப்பும் சப்ளையரிடம், ஸ்டெரைல் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். காயத்தை ஒட்டும் ஸ்டெரைல் பசை, உடலில் கரைந்துவிடும் ரத்தக்கசிவு நிறுத்திகள் ஆகியவற்றுக்கும் இதே 3006.10தான்.

கையுறை? நைட்ரைல், வினைல் இரண்டும் வாங்குகிறோம்.

நைட்ரைல் செயற்கை ரப்பர், ஆகவே மருத்துவ வகைக் கையுறை 4015.12. வினைல் பிளாஸ்டிக், அது 3926.20. 2022க்கு முன்பு அறுவைச் சிகிச்சைக் கையுறைக்கு 4015.11 இருந்தது, பழைய ஆவணத்தைப் பார்த்து எழுதாதீர்கள்.

முகக்கவசத்துக்கு 9020 என்று ஒருவர் சொன்னார்.

9020 சுவாசக் கருவிகளுக்கும் வாயு முகமூடிகளுக்குமான தலைப்பு. இயந்திரப் பாகமோ மாற்றக்கூடிய வடிகட்டியோ இல்லாத கவசங்களை அது தன் வாசகத்திலேயே விலக்கிவிடுகிறது. நெய்யாத துணியில் செய்த சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் 6307.90. நோயாளி மேல் விரிக்கும் நெய்யாத துணி டிரேப்பும் அதே 6307.90.

அண்ணா, எலும்பில் பொருத்தும் டைட்டானியம் ஸ்க்ரூ இறக்குகிறோம். திருகாணி திருகாணிதான், உலோக அத்தியாயத்துக்குத்தான் போகும் என்று ஓர் அதிகாரி நிறுத்திவைத்துவிட்டார். என்ன சொல்வது?

அவர் சொல்வதற்கு ஒரு காலத்தில் அடிப்படை இருந்தது. சாதாரண உலோகங்களுக்கான 15ஆம் பிரிவின் 2ஆம் குறிப்பில் பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள் என்று ஒரு வகை உண்டு. இரும்பு, எஃகுக்கான 7318ல் வரும் திருகாணிகளும், வேறு சாதாரண உலோகத்தில் செய்த அதே மாதிரிப் பொருட்களும் அதில் அடங்கும். அந்த வகையை 90ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு வெளியே தள்ளிவிடுகிறது. இதனால்தான் நோயாளியின் உடலுக்குள் வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற ஒரு பொருள், கதவுத் திருகாணியோடு சேர்த்து வாதிடப்பட்டது.

2022 பதிப்பு இந்தக் குறிப்பைத் திருத்திவிட்டது. மருத்துவ உள்வைப்புகளில் மட்டுமே பயன்படும்படி தனியாக வடிவமைக்கப்பட்டவை பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள் அல்ல, அவை எலும்பியல் சாதனங்களும் உள்வைப்புகளும் வரும் 9021க்குரியவை என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது. மிக நியாயமான திருத்தம் என்பேன். உங்கள் நாட்டின் அட்டவணை 2022 பதிப்புக்கு மாறியிருந்தால், அந்தக் குறிப்பையும் தயாரிப்பாளரின் வடிவமைப்பு விவரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 'மட்டுமே' என்ற சொல்தான் முக்கியம். அதை நிரூபிக்கும் காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஒரே தட்டில் கதீட்டர், கையுறை, காஸ், டிரேப், சிரிஞ்ச் எல்லாம் சேர்த்து மூடி முத்திரையிட்டு வருகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டுமா?

முதலில் மூன்று நிபந்தனைகளைப் பாருங்கள். வெவ்வேறு தலைப்புகளில் வரக்கூடிய இரண்டு பொருளாவது இருக்க வேண்டும். ஒரே தேவைக்காகவோ வேலைக்காகவோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். மறுபடி பொதி மாற்றாமல் அப்படியே பயனாளிக்குப் போக வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது ஒரு செட். வகைப்பாட்டுப் பொது விதி 3 (ஆ) படி, செட்டுக்கு அதன் சாரமான தன்மையைத் தரும் பொருள் எதுவோ அதன் கோடுதான் முழுவதற்கும்.

உங்கள் தட்டு கதீட்டர் பொருத்துவதற்கென்றே இருந்தால் 9018.39 என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. கதீட்டர் இல்லாவிட்டால் மற்ற எதற்கும் அங்கே வேலை இல்லை. காயம் கட்டும் செட்டில் அதே கேள்வியைக் கேட்டால் பதில் 3005 பக்கம் சாயலாம். சாரம் எதில் என்று எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால், சமமாகப் பொருந்தும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடுப்பதுதான் விதி 3 (இ). விலை அதிகமான பொருள்தான் சாரம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதீர்கள். விலை, எடை, அளவு, பயன்பாட்டில் அதன் பங்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலுதவிப் பெட்டிக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை, 3006.50 என்று தனி இடம் இருக்கிறது. அப்புறம், பல வேலைக்கான சாமான்களை ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்தால் அது செட் ஆகாது. அங்கே பிரித்துத்தான் காட்ட வேண்டும்.

முழங்கால் பட்டைக்கு?

துணியாலானது, இழுபட்டு மீளும் தன்மையால் மட்டுமே தாங்குகிறது என்றால் 9021 கிடைக்காது. 90ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பு விலக்கிவிடுகிறது. விறைப்பான கம்பியோ தகடோ வைத்து, காயத்துக்குப் பின் மூட்டைப் பிடித்து நிறுத்தும் வகை என்றால் 9021.10. ரத்தநாளத்துக்கான படிநிலை அழுத்தக் காலுறை 6115.10.

சப்ளையர் இன்வாய்ஸிலேயே கோடு போட்டு அனுப்புகிறார். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பழைய பதிப்பைப் பார்த்திருக்கலாம், ஏற்றுமதிக்கு வசதியான எண்ணை எழுதியிருக்கலாம். இறக்குமதி நாட்டில் தவறு வந்தால் கேள்வி கேட்கப்படுவது நீங்கள்தான். சந்தேகமுள்ள பொருள் அடிக்கடி வருவதாக இருந்தால் சரக்கு கிளம்பும் முன்பே சுங்கத்திடம் முன்தீர்ப்பு (எந்தக் கோடு என்று முன்கூட்டியே தரும் முடிவு) கேளுங்கள். 2017 பிப்ரவரி 22ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தில் 3ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. விண்ணப்பத்தோடு மாதிரி, கேட்லாக், மூலப்பொருள் சதவீதம், ஸ்டெரைல் சான்று, பொதியின் படம் எல்லாவற்றையும் வையுங்கள். உங்களுக்குப் பாதகமான விவரத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். விவரத்தை விட்டுவிட்டு வாங்கிய தீர்ப்பு, பொருளைப் பிரித்துப் பார்க்கும் நாளில் உங்களைக் காப்பாற்றாது.