சிஸ்டம் கால் செய்யும்போது மோட் மாறுகிறது, முகவரி வெளியும் சேர்ந்து மாறுமா?

"புரோகிராம் சிஸ்டம் கால் செய்தால் பிராசசர் கெர்னல் மோடுக்குப் போகிறது, அதோடு கெர்னலின் தனி முகவரி வெளிக்கும் மாறிவிடுகிறது, சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி சரி: கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், புரோகிராம் வேலை கேட்பதுதான் சிஸ்டம் கால், அப்போது மோட் மாறும். இரண்டாவது பாதியை நானும் பல வருடம் அப்படியே நம்பியிருந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் இருப்பது பினாங்கு பாயான் பாருவில் ஒரு கொண்டோ. 12வது மாடி, 3வது வீடு. பக்கத்துக் கொண்டோவிலும் அதே எண்ணில் ஒரு வீடு உண்டு, அங்கே வேறு குடும்பம். சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு எந்தக் கொண்டோ என்று தெரியாவிட்டால் வீட்டு எண்ணால் பயனில்லை. வீட்டு எண் நினைவக முகவரி என்றால், எந்தக் கொண்டோ என்பதுதான் முகவரி வெளி. அப்புறம் அக்சஸ் கார்டு. என் கார்டுக்கு லிஃப்ட் என் மாடியில் மட்டும் நிற்கும். மேனேஜ்மெண்ட் ஆள் கார்டுக்கு பம்ப் ரூம், மொட்டை மாடி எல்லாம் திறக்கும். அதுதான் மோட். கார்டு மாறினால் திறக்கும் கதவுகள் கூடும், நிற்கும் கட்டடம் மாறாது.

எக்ஸ்86 பிராசசரில் இப்போதைய மோட் சிஎஸ் ரிஜிஸ்டரின் கடைசி 2 பிட்டில் இருக்கிறது: 3 என்றால் யூசர், 0 என்றால் கெர்னல். எந்தப் பேஜ் டேபிள் (முகவரி எண்ணை உண்மையான நினைவக இடத்தோடு இணைக்கும் பட்டியல், அதாவது எந்தக் கொண்டோ) என்பது சிஆர்3 ரிஜிஸ்டரில். சிஸ்டம் காலைத் தொடங்கும் சிஸ்கால் கட்டளை 3-ஐ 0 ஆக்கும், சிஆர்3 பக்கமே போகாது. அப்படியானால் கெர்னல் கோடு எங்கிருந்து வருகிறது? அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. 48 பிட் முகவரி உள்ள லினக்ஸில் கீழ்ப்பாதி 128 டெராபைட் புரோகிராமுக்கு, மேல்பாதி கெர்னலுக்கு. பேஜ் டேபிளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 'யூசர் தொடலாமா' என்று ஒரு பிட் உண்டு, 1985-இல் வந்த 80386 காலத்திலிருந்தே. கெர்னல் பக்கங்களில் அது 0. யூசர் மோடில் தொட்டால் பேஜ் ஃபால்ட், கெர்னல் மோடில் தொட்டால் வழி கிடைக்கும். இந்த அமைப்பில் சிஆர்3 மாறுவது, வேறொரு புரோகிராமுக்கு முறை வரும்போதுதான் (விதிவிலக்கைக் கடைசியில் சொல்கிறேன்).

எனக்கு இது உறைத்தது ஒரு டிரைவரில். பாயான் லெப்பாஸில் ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்ட் இயந்திரத்துக்கு லினக்ஸ் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். புரோகிராம் கொடுத்த பாயிண்டரை (நினைவக முகவரியை) அப்படியே சேமித்து வைத்து, இயந்திரத்திடமிருந்து இன்டரப்ட் என்ற அழைப்பு வரும்போது அதிலிருந்து படித்தேன். என் மேசையில் ஒரே புரோகிராம் ஓடியவரை எல்லாம் ஒழுங்காக வந்தது. தொழிற்சாலை லைனில் கூடவே லாக் எழுதும் புரோகிராம் ஒன்றும் ஓடியது. அளவீடு வரவேண்டிய இடத்தில் தேதியின் எழுத்துகள் வந்து நின்றன! பாயிண்டர் எண் சரிதான், ஆனால் இன்டரப்ட் வந்த நொடியில் சிஆர்3-இல் இருந்தது லாக் புரோகிராமின் டேபிள். மாடியும் எண்ணும் சரி, கொண்டோ வேறு. சிஸ்டம் கால் நடக்கும்போதே தரவைக் கெர்னல் நினைவகத்துக்கு நகலெடுத்து வைத்ததும் சரியாகிவிட்டது. அது பழைய பிராசசர். ஸ்மேப் பாதுகாப்பு உள்ளதாக இருந்திருந்தால், கெர்னல் இப்படி நேராக யூசர் பக்கத்தைத் தொட்டதுமே ஃபால்ட் அடித்து முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும்.

சரி, உங்கள் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. எம்ஐடியின் எக்ஸ்வி6 என்ற பாட இயங்குதளத்தை ரிஸ்க்-வி பிராசசரில் படித்தீர்களா? அதில் கெர்னலுக்குத் தனிப் பேஜ் டேபிள். உள்ளே நுழைந்ததும் டிராம்போலின் பக்கத்தில் உள்ள கோடு சாட்ப் ரிஜிஸ்டரை (சிஆர்3-க்கு இணையானது) மாற்றும். ஆனால் கவனியுங்கள், ஈகால் கட்டளை (அங்கே சிஸ்காலுக்கு இணையானது) மோடை மட்டுமே மாற்றியது; டேபிளை மாற்றுவது அடுத்து ஓடும் மென்பொருள். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் ஓட்டை (கெர்னல் நினைவகத்தை யூசர் புரோகிராம் படிக்க விட்ட பிராசசர் குறை) வெளியானபின் லினக்ஸும் பாதிக்கப்பட்ட பிராசசர்களில் இப்படி நுழைவாயிலிலேயே சிஆர்3-ஐ மாற்றுகிறது. யூசர் டேபிளில் கெர்னலின் சிறு துண்டு மட்டும் மிஞ்சும், கெர்னல் டேபிளிலோ புரோகிராமின் பக்கங்களும் அப்படியே இருக்கும். அதனால் உங்கள் வாக்கியம் அங்கேகூடப் பாதிதான் பொருந்தும்.