முகத்துக்கு வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: சார், முகத்தைப் படமெடுக்க லைட் எதுவும் இல்லை. ஜன்னல் மட்டும் போதுமா?

பதில்: தாராளமாக. நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பாருங்கள். ஆளை அதற்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, முகத்தை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, இருட்டுக் கன்னத்தில் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோண வெளிச்சம் மிஞ்சும். ரெம்ப்ராண்ட் லைட்டிங் என்பது அதுதான். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரின் பெயர். முக்கோணம் வரவில்லையா? ஜன்னலின் கீழ்ப்பாதியைப் போர்வையால் மறையுங்கள், வெளிச்சம் மேலிருந்து வரட்டும். நிழல் ரொம்பக் கறுத்தால் எதிரே ஒரு தெர்மோகோல் அட்டை. டியூப் லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் கன்னத்துக்கு ஒரு நிறம். கேமரா ஃப்ளாஷையும் அணையுங்கள்.

கேள்வி: சாஃப்ட்பாக்ஸ் (லைட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) வாங்கியும் நிழல் வெட்டினாற்போல் விழுகிறதே?

பதில்: தூரத்தில் வைத்திருப்பீர்கள். முகத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. ஃப்ரேமுக்குள் வராத அளவுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் 4 மடங்கு, பவரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மொபைல் வாங்கலாம்?

பதில்: கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: மூக்குக்கண்ணாடியில் லைட் தெரிகிறது.

பதில்: லைட்டை உயர்த்துங்கள். அல்லது கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கறுப்பாக இருப்பவர்களுக்கு முன்னாலிருந்து இன்னொரு லைட் வேண்டும்தானே?

பதில்: வேண்டாம். நேரே அடித்தால் முகம் வெளுக்கும், தட்டையாகும். கறுத்த தோலில் கன்ன எலும்பின் மேல் ஓடும் மினுமினுப்புதான் முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. பெரிய லைட்டைப் பக்கவாட்டில் வையுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும்; முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, ஏற்றுங்கள். ஆளைக் குறை சொல்லாதீர்கள். ஃபிலிம் கம்பெனியான கோடாக்கின் ‘ஷர்லி’ என்ற நிற மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். பிரிண்ட் போடும் லேப்கள் அவர் தோலை வைத்துத்தான் நிறத்தைச் சரிசெய்தன.

கேள்வி (அவரே): கல்யாண வீட்டார் வெள்ளையாக்கித்தான் கேட்கிறார்கள். பிழைப்பு சார்!

பதில்: கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு விதமாகவும் எடுத்து, பக்கத்தில் வைத்துக் காட்டினீர்களா?

கேள்வி (வேறொருவர்): பழைய ஸ்டூடியோக்காரர்கள் பவுடர் பூசித்தானே எடுத்தார்கள்? அதில் மட்டும் என்ன தப்பு?

பதில்: பவுடர் முதலில் அழிப்பதே அந்த மினுமினுப்பைத்தான். வியர்வை வழிந்தால் ஒற்றி எடுங்கள், போதும். பெண்ணின் நிறம் எதுவோ அது ஆல்பத்திலும் இருக்கட்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன், எத்தனை பேர் கேட்டாலும்.

கேள்வி: ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஃப்ளாஷும் போடலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வெளியே, மதியம் 12 மணி?

பதில்: கண்குழி இருட்டிவிடும். தாழ்வாரத்து விளிம்பில், வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். மரத்தடி வேண்டாம், இலைச் சந்து வழியே முகமெல்லாம் புள்ளி விழும். ஃப்ளாஷா என்று கேட்காதீர்கள்.