நான் ஒருத்தன் மாறினால் போதுமா? சுற்றுச்சூழல் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒருத்தன் பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது ஐயா? ஆலைப் புகைக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

பதில்: அளவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஒருவரின் வாழ்க்கைமுறையால் எவ்வளவு கரியமில வாயு காற்றில் கலக்கிறது என்று சொல்லும் ‘கார்பன் தடம்’ என்ற கணக்கை 2000-களில் பெரும் விளம்பரம் செய்து பரப்பியதே பிபி என்ற எண்ணெய் நிறுவனம்தான். பழி முழுவதையும் உங்கள் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

ஆனால் பழக்கம் பரவும். ஒரு வீட்டுக் கூரையில் சூரியத் தகடு ஏறினால் அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஏறும் வாய்ப்பு கூடுகிறது என்று கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வு காட்டியது. அதனால் நீங்கள் செய்வதை நாலு பேர் பார்க்கும்படி செய்யுங்கள். கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள்.

கேள்வி: முதலில் எதைக் குறைக்கலாம்?

பதில்: விமானம், கார், மாட்டிறைச்சி, வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் ஆற்றல். இந்த நான்கில் உங்கள் வாழ்க்கையில் எது பெரிதோ அதில் கை வையுங்கள். பை, உறிஞ்சுகுழல் எல்லாம் பிறகு.

கேள்வி: மேய்ச்சல் நிலம், மீன்வளம் எதுவானாலும் பொது என்றாலே ஆளாளுக்குச் சுரண்டிப் பாழாக்கிவிடுவார்கள் என்று படித்தேன். அரசிடம் கொடுப்பது, தனியாருக்கு விற்பது, இரண்டைத் தவிர வழியே இல்லையா?

பதில்: உண்டு. நீங்கள் படித்தது காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968-ல் வைத்த வாதம். அவர் கற்பனை செய்த மேய்ச்சல் நிலத்தில் யாரும் யாரோடும் கூடிப் பேசுவதில்லை. கோளாறு அங்கேதான். எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளர் கற்பனையை விட்டு நிஜ ஊர்களை ஆராய்ந்து 1990-ல் நூலாக எழுதினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக்கிராமம். பனிக்காலம் முழுக்க எத்தனை மாடுகளுக்கு உங்களால் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மலைக்கு ஓட்டலாம் என்று 1517-லேயே விதி வைத்தார்கள். மீறினால் அபராதம். அதில் பாதி, அபராதம் விதிக்கும் ஊர் அலுவலருக்கே போகும். அளந்து சொல்ல நிபுணர் யாரும் வேண்டாம், பாருங்கள்! உங்கள் கொட்டிலில் எத்தனை மாடு நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். விதியை வகுத்தவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்களும் கண்காணித்தவர்களும் ஒரே மக்கள். உள்ளூர்ச் சமூகத்தின் பலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

கேள்வி: எங்கள் பகுதியில் தண்ணீர் நாறுகிறது. புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்கிறார்கள். நாங்கள் விஞ்ஞானிகள் இல்லையே, என்ன செய்வது?

பதில்: லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசியும் விஞ்ஞானி இல்லை. அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கெனால் குடியிருப்பு, ரசாயனக் கழிவு புதைத்த இடத்தை ஒட்டி இருந்தது. 1978-ல் தன் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டி யாருக்கு என்ன நோய் என்று கேட்டு, வரைபடத்தில் குறித்தார். குறிகள் சிதறிக் கிடக்கவில்லை. மண் போட்டு மூடிய பழைய நீரோடைத் தடங்களை ஒட்டியே விழுந்தன. விஞ்ஞானி பெவர்லி பெய்கன் துணைநின்று அதை ஆய்வாக வலுப்படுத்தினார். கடைசியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு மாற்று இடம் கிடைத்தது; கழிவிடங்களைச் சுத்தம் செய்யும் தேசியச் சட்டமும் 1980-ல் வந்தது.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். ஒரே நோட்டில் தேதி, நேரம், எந்தக் கிணறு, என்ன நிறம், என்ன நாற்றம் என்று எழுதுங்கள். ஒருவரே எழுதினால் ‘அவருக்கு வேறு வேலை இல்லை’ என்று தள்ளிவிடுவார்கள். பத்து வீட்டார் எழுதினால் அப்படித் தள்ள முடியாது. மாதிரி எடுக்கும் முறையை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடமே கேட்டு, அவர்கள் தரும் பாட்டிலில் எடுங்கள். ஆய்வு முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சினால் ரசாயனம் போய்விடாது.

கேள்வி: மரம் நடு விழாக்களால் பயன் உண்டா?

பதில்: நட்ட பிறகு யார் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவாகியிருந்தால் உண்டு. வங்காரி மாத்தாய் 1977-ல் கென்யாவில் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம், பிழைத்து வளர்ந்த கன்றுகளுக்கே கிராமப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது.

கேள்வி: எல்லாவற்றையும் மக்களே பார்த்துக்கொள்வதென்றால் அரசு எதற்கு?

பதில்: மேலே இருக்கும் ஊர் ஆற்றில் கழிவைக் கொட்டினால் கீழே இருக்கும் ஊரால் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மொன்ட்ரியல் உடன்பாடு போட நாடுகளே கூட வேண்டியிருந்தது. ஊருக்குள்ளும் ஏழைகளையும் பெண்களையும் ஓரங்கட்டும் ஊர்க்கூட்டங்கள் இருக்கின்றன. சட்டம் தலையிட்டே ஆக வேண்டும். நேபாளத்தில் காடுகளைக் கிராமக் குழுக்கள் காக்கின்றன என்றால், 1993-ம் ஆண்டு வனச் சட்டம் அந்த உரிமையை எழுத்தில் கொடுத்ததும் ஒரு காரணம். காவல் காக்கும் வேலையை மட்டும் மக்களிடம் தள்ளிவிட்டு, விறகு, புல், வருமானம், முடிவெடுக்கும் உரிமை எல்லாவற்றையும் அரசே வைத்துக்கொண்டால் அந்தக் குழு நிலைக்காது.