சாய்ந்த கல்லறைக் கல்லை யார் சரிசெய்ய வேண்டும்?

வணக்கம். நகராட்சிக் கல்லறைத் தோட்டத்தில் தங்கள் தந்தையாரின் கல்லறை மண் உள்வாங்கித் தலைக்கல் சாய்ந்திருப்பதாகவும், பூங்காக்களைப் பராமரிக்கும் அதே பணியாளர்கள் இங்கே புல்லை மட்டும் வெட்டிச் செல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். குழியை மூடிய மண் மழையில் இறுகுவதாலும், பின்னர் பெட்டி மக்கி உடைவதாலும் இவ்வாறு தாழ்வது இயல்பே. பொதுவாகப் புல்வெளி, பாதை, மரங்கள், தாழ்ந்த மண்ணை நிரப்புதல் ஆகியவை நகராட்சியின் பொறுப்பாகவும், கல் குடும்பத்தின் உடைமையாகவும் இருக்குமாதலால், கல்லறை எண்ணையும் நிழற்படத்தையும் இணைத்து, இரு குறைகளையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அதுவரை கல்லைத் தாங்களே நிமிர்த்த முயலாதீர்கள். அது சரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். மிகப் பழைய கல்லாயின், அதை நேரடியாகச் சிமென்ட்டில் பதிக்கவும் சம்மதிக்காதீர்கள். ஈரம் தேங்கி அடிப்பகுதி வெடிக்கக்கூடும்.