பழைய மச்சுப் பலகை மேல் லேமினேட் போடலாமா?

கீழக்கரையில் பாட்டனார் காலத்து வீடு, மச்சில் பலகைத் தளம், அதன் மேல் லேமினேட் (மரம் போலத் தெரியும், கோத்துப் போடும் தரைப் பலகை) போடுமுன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடும் அப்படித்தான். ஒரு தடவை போட்டுக் கெடுத்து, மறு தடவைதான் சரியாக வந்தது.

முதலில் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பலகையைத் தாங்கும் சட்டங்கள், முக்கியமாகச் சுவருக்குள் போகும் முனைகள், திடமாக இருக்கின்றனவா? ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் 'புஸ்'ஸென்று இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. மண் கோடு ஓடினால் கரையான். இரண்டில் எது இருந்தாலும் அதை முடித்துவிட்டுத்தான் லேமினேட் பேச்சு.

அடுத்தது ஆணி. நம் ஊர் உப்புக் காற்றில் பழைய இரும்பு ஆணிக்குத் தலை மட்டும்தான் மிஞ்சியிருக்கும், உடம்பு துருவாகப் போயிருக்கும். பலகை 'கிறீச்' என்பது அதனால்தான். லேமினேட் போட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அடியில் இருந்து கத்திக்கொண்டேதான் இருக்கும். எங்கள் ஆசாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்து, ஆடிய இடத்தில் சாக்பீஸால் குறி போட்டார். அங்கெல்லாம் முதலில் துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் சட்டத்தோடு இறுக்கினார். துளை போடாமல் இறக்கினால் காய்ந்த தேக்கு ஓரத்தில் பிளந்துவிடும். துருத்திய பழைய ஆணிகளை உள்ளே அடித்து இறக்கிவிடுங்கள்.

அப்புறம் மட்டம். கொத்தனாரிடம் இருக்கும் ஆறடி அலுமினியப் பட்டையை வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் மேட்டை இழைக்க வேண்டும். நிறைய இடத்தில் அப்படி என்றால் 6 மி.மீ. பிளைவுட் அடித்துவிடுவதே நிம்மதி. பிளைவுட் இல்லாவிட்டால் லேமினேட்டைப் பலகைக்குக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும்.

நாங்கள் கெடுத்தது எப்படி என்றால், போட வந்தவர்கள் "கடலோரம், ஈரம் வரும்" என்று பலகை மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்துவிட்டார்கள். சிமெண்ட் தரைக்கு அது சரி. மரத்துக்குக் கீழிருந்தும் மேலிருந்தும் காற்று வேண்டும். ஐப்பசியில் ஜன்னல் வழியே அடித்த சாரல் ஓரமாக உள்ளே இறங்கி, காய வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. தை மாதம் புழுக்க நாற்றம் அடித்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று பலகை கறுத்துப் போயிருந்தன. இரண்டாம் தடவை பிளாஸ்டிக் ஷீட் இல்லாமல், லேமினேட்டுக்கு அடியில் விரிக்கும் 2 மி.மீ. ஃபோம் மெத்தை மட்டும்தான் போட்டோம்.

வடகிழக்குப் பருவமழை முடியும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். மாசி, பங்குனி நல்லது. லேமினேட் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்க வையுங்கள். சுவர் ஓரம் எங்கும் 10 மி.மீ. இடம் விட வேண்டும். ஈரக்காற்றில் லேமினேட் ஊதும், இடம் இல்லாவிட்டால் நடுவில் முதுகு தூக்கும். ஸ்கர்ட்டிங்கை, அதாவது அந்த இடைவெளியை மறைக்கும் ஓரப் பட்டையை, சுவரில் அடியுங்கள், தரையில் அல்ல.

கதவை மறந்துவிடாதீர்கள். பிளைவுட், ஃபோம், 8 மி.மீ. லேமினேட் எல்லாம் சேர்ந்தால் தரை 16 மி.மீ. உயரும். எங்கள் வீட்டில் கடைசிப் பலகை போட்ட பிறகுதான் கதவு திறக்கவில்லை என்று தெரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டது ஆசாரியேதான்.