நுவரெலியாவில் ‘இந்தியன்’ பலகையைப் பார்த்து நுழையும் முன்

தம்பி, திருநெல்வேலியிலிருந்து இலங்கை மலைநாட்டுல இருக்கிற நுவரெலியாவுக்கு வேலைக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. வீட்டு வாடகை, சிம் அட்டை, ஊருக்குப் பணம் அனுப்புறது, நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்கிற ‘இந்தியன்’ ரெஸ்டாரண்ட்னு நாலையும் ஒரே மூச்சுல கேட்டுட்டீங்க. முதல் மூணுக்கும் உங்க ஆபீஸ்லயே ஆள் இருப்பாங்க. நாலாவதுலதான் புதுசா வர்றவங்க அத்தனை பேரும் அடிபடுறாங்க. அதை மட்டும் விவரமாச் சொல்றேன்.

‘இந்தியன்’னு பெரிசா எழுதிப் போட்ட கடை அநேகமா சுற்றுலா வர்றவங்களுக்காக நடக்குறது. அங்க பட்டர் சிக்கன், நான், பனீர்னு வடநாட்டுச் சமையல்தான் இருக்கும். போனா மெனு அட்டையோட அடியைப் பாருங்க. விலைக்குப் பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருந்தா சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதுக்கு மேல வாட் வரி 18 சதவீதம்னு அர்த்தம். 2,000 ரூபாய்க்குச் சாப்பிட்டா முதல்ல 2,200 ஆகும், வரியும் ஏறினா 2,596. பில் கூடுதலா வந்ததுன்னு எழுதியிருந்தீங்களே, அது இதனாலதான் இருக்கும், யாரும் ஏமாத்தலை. ஏப்ரல் சீசன்ல, மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்குற நேரத்துல, இந்தப் பக்கமே போகாதீங்க. கூட்டத்துல எந்த அடுப்படியும் நிதானமா வேலை செய்யாது.

நீங்க தேட வேண்டியது சைவக் கடை. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, கண்டின்னு எந்த டவுன்லயும் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒண்ணாவது இருக்கும். ஆனா அங்கயும் தோசை சவசவன்னு இருக்குன்னு புலம்பாதீங்க. காரணம் உயரம்.

நுவரெலியா கடல் மட்டத்துலருந்து சுமார் 1,870 மீட்டர் உயரத்துல இருக்கு. தண்ணி இங்க 94 டிகிரியிலயே கொதிச்சிடும், எவ்வளவு விறகு போட்டாலும் திறந்த பாத்திரத்துல அதுக்கு மேல சூடு ஏறாது. கொண்டைக்கடலை, ராஜ்மா, துவரம்பருப்பு எல்லாம் குக்கர் இல்லாம வேக ரொம்ப நேரம் ஆகும். பிரியாணி அரிசி வெளியில குழைஞ்சு நடுவுல விதை மாதிரி நிக்கும். மாவு கதையும் இதே. ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குற இடத்துல தோசை மாவு எட்டு மணி நேரத்துல பொங்கவே பொங்காது. நல்ல கடையில வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அரைச்சு, பழைய மாவு ஒரு கரண்டி கலந்து, அடுப்புக்குப் பக்கத்துல சாக்குப் போர்த்தி வச்சு, பதினாறு மணி நேரத்துக்கு மேல விடுவாங்க. அவசரப்படுற கடையில அப்பச் சோடாவைத் தட்டிடுவாங்க. தோசையைப் பார்த்தாலே தெரியும். சோடா போட்டது கல்லுல போட்ட உடனே கருஞ்சிவப்பாகும், புளிப்பு இருக்காது, நாக்குல சவுக்காரம் மாதிரி ஒண்ணு தங்கும். புளிச்ச மாவுன்னா ஓட்டை பெரிசும் சிறிசுமா இருக்கும், ஓரம் மட்டும் முறுகும். சோடாக் கடைன்னு தெரிஞ்சா தோசையை விட்டுட்டு இடியாப்பம் கேளுங்க. அதுக்குப் புளிக்க வைக்கிற வேலையே இல்லை.

சாம்பாருக்கு வருவோம். இங்க பருப்புன்னா சிவப்பு மைசூர்ப் பருப்பு. கால் மணி நேரத்துல கரைஞ்சிடும், விலையும் தோது, இந்த உயரத்துக்கு அதுதான் சரி. அதுல வைக்கிற சாம்பார் துவரம்பருப்புச் சாம்பார் மாதிரி கெட்டியா நிக்காது, பெருங்காயமும் தூக்கலா இருக்காது. அதைக் குறை சொல்றதைவிடச் சொதியைக் கேளுங்க. தேங்காய்ப் பால், மஞ்சள், பச்சை மிளகாய், ரம்பைங்கிற வாசனை இலை, கறிவேப்பிலை, கடைசியில தேசிக்காய், அதாவது எலுமிச்சை. இடியாப்பத்தைச் சொதியில நனைச்சு, ஓரத்துல சம்பல் தொட்டுச் சாப்பிட்டவங்க சாம்பாரைத் தேட மாட்டாங்க. திருநெல்வேலிக்காரர் நீங்க, சொதி உங்களுக்குப் புதுசில்லை. ஆனா இது இஞ்சித் துவையலோட வர்ற உங்க கல்யாண வீட்டுச் சொதி இல்லை, தண்ணியா இருக்கும்.

நீங்க சைவம்னா இதைக் கண்டிப்பா மனசுல வைங்க. சம்பல்னா தேங்காய், மிளகாய், வெங்காயம் மட்டும்னு நினைக்காதீங்க. மாசி, அதாவது மாலத்தீவுக் கருவாடு, இடிச்சுப் போடுவாங்க. தேங்காய்ச் சம்பல், கட்டச் சம்பல், சீனிச் சம்பல் மூணுலயும் வரலாம். சில இடத்துல பருப்புக் கறியிலயும் விழும். சைவக் கடையில பயமில்லை. வேற எங்க உட்கார்ந்தாலும் “மாசி போட்டதா?”ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கை வைங்க. கண்ணுக்குப் பழுப்பு நிறத் துணுக்காத் தெரியும், வறுத்த தேங்காய்னு ஏமாந்துடுவீங்க.

“கறி இருக்கா?”ன்னும் கேட்காதீங்க. ஊர்ல கறின்னா ஆட்டுக்கறி. இங்க சோத்துக்குத் தொட்டுக்கிற எல்லாமே கறி, போஞ்சிக் (பீன்ஸ்) கறி, கரட் கறி, கோவாக் (முட்டைக்கோஸ்) கறின்னு. காய்க்கு மரக்கறி, ஆடு கோழிக்கு இறைச்சி. பகல்ல ‘மரக்கறிச் சாப்பாடு’ன்னு சொல்லுங்க. பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிக்குள்ள போங்க, அதுக்கப்புறம் கிடைக்கிறது சட்டியோட அடி. மரக்கறியும் சோறும் திரும்பத் திரும்பப் போடுவாங்க. அசைவக் கடைன்னா இறைச்சியும் மீனும் ஒரு தடவைதான். லீக்ஸ், போஞ்சி, கரட்டெல்லாம் பக்கத்துத் தோட்டத்துலயே விளையுறது. இந்த ருசியில ஊர்ல உங்களுக்குக் கிடைச்சிருக்காது.

டீ நேரத்துல உட்கார்ந்தா, கேட்காமலே ஒரு தட்டு வரும். உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், சமோசான்னு எட்டுப் பத்து இருக்கும். பதறாதீங்க. தின்னதை எண்ணித்தான் காசு. எதை எடுக்கப் போறீங்களோ அதை மட்டும் தொடுங்க, ஏன்னா மீதி அடுத்த மேசைக்குப் போகும். டீன்னு மொட்டையாச் சொன்னா அநேகமா பால்மா, அதாவது பால் பவுடர், கலந்த பால் டீ வரும், இனிப்பு தூக்கலா இருக்கும். நான் சொல்றது இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, பால் இல்லாத டீ. தேயிலை விளையுற மண்ணுல உட்கார்ந்துக்கிட்டு ஃபில்டர் காபிக்கு அலையுறவங்களை எனக்குப் புரியவே இல்லை.

கொத்து ரொட்டி சாயங்காலம்தான் சூடு பிடிக்கும். ஒரு ஃபுல் ரெண்டு பேருக்குப் போதும். முஸ்லிம் ஹோட்டல்ல நல்லா இருக்கும், ஆனா மேல ஊத்துற குழம்பு கோழியா மாடான்னு முன்னாடியே கேளுங்க. முட்டைக் கொத்துன்னு சொன்னாலும் குழம்பு தனி விஷயம்.

இன்னொண்ணு, மனசுல பட்டதைச் சொல்லிடறேன். நம்ம ஊர்லருந்து வர்ற சிலர், பரிமாறுற பையனைக் கூப்பிட்டு “நீங்களும் இந்தியத் தமிழர்தானே, சாம்பார் வைக்கத் தெரியாதா?”ன்னு கேட்கிறாங்க. கேட்கவே கூசுது. இவங்க கோப்பி, தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவுலருந்து வந்தவங்களோட வம்சம், 1948-ல குடியுரிமையைப் பறிகொடுத்து, மீட்கப் பல வருஷம் போராடினவங்க. 2023-ல ‘மலையகம் 200’ன்னு தங்களோட வரலாற்றை நினைவுகூர்ந்தவங்க. மலையகத் தமிழர்னு சொல்லுங்க. பரிமாறுறவரை அண்ணேன்னு கூப்பிடுங்க, சைகை காட்டிக் கூப்பிடாதீங்க.

இங்க நிலைச்சவங்க எல்லாருக்கும் 2022 பொருளாதார நெருக்கடி ஞாபகம் இருக்கும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மாவும் இல்லை. பல கடை மூடிக் கிடந்தது. திறந்த கடையில விறகடுப்புல கோதுமை ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டீ, அவ்வளவுதான். துருவின தேங்காய் போட்டுப் பிசைஞ்ச அந்தக் கனத்த ரொட்டி, லயங்கள்னு சொல்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல காலங்காலமா சாப்பிடுறது. விறகுச் சூட்டுல ஒரு பக்கம் கருகி, புகை வாசத்தோட, பிய்க்கும்போது ஆவி வரும். இப்பவும் காலையில ஏழு மணிக்குள்ள சில சின்னக் கடையில போடுறாங்க, பலகையில எழுதியிருக்காது. உள்ளே போய் “ரொட்டி இருக்காண்ணே?”ன்னு கேளுங்க, ரெண்டு போதும்.