கஷாயம் மருந்து இல்லையா?

வணக்கம் டாக்டர்,

புற்றுநோய்க்கான கீமோ வார்டில் செவிலியாக இருக்கிறேன். ஊசி ஏற்றும் முன் "வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்கிறோம். இல்லை என்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் பையைப் பார்த்தால் முள்சீத்தா இலைப்பொடி, பாட்டிலில் கஷாயம். ஏன் பொய் சொல்கிறார்கள்? திட்டினால் சிலர் அடுத்த தடவை வருவதே இல்லை.

– ஒரு செவிலி, திருநெல்வேலி

அன்புள்ள சிஸ்டருக்கு,

பொய் இல்லை. மருந்து என்றால் அவர்களுக்கு மாத்திரையும் ஊசியும்தான். இலைப்பொடி கைவைத்தியம்; அருகம்புல் சாறு சாப்பாட்டுக் கணக்கு. கேள்வியை மாற்றுங்கள்: "உடம்புக்கு நல்லதுன்னு வீட்ல என்னம்மா குடுக்குறாங்க? கஷாயம், லேகியம், பொடி, ஜூஸ்?" கூட வந்தவரிடமும் கேளுங்கள், அரைத்துக் கொடுப்பவர் அவராக இருக்கலாம். எத்தனை கரண்டி, எத்தனை வேளை, கீமோ அன்றைக்கும் உண்டா என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். அடுத்த முறை டப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்தால் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டார்கள். குழம்பு மஞ்சளுக்குத் தடை வேண்டாம். மஞ்சள் மாத்திரை வேறு: செறிவு அதிகம், உடம்பில் ஏறுவதற்காகப் பலவற்றில் மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். அது மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளைத் தடுக்கக்கூடியது. பச்சைச் சாறு, பெரும்பாலான கீமோக்களில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும், ஊசி ஏற்றியதிலிருந்து 7 முதல் 14ஆம் நாள் வரை கண்டிப்பாக வேண்டாம். கழுவினாலும் மண்ணின் கிருமி முழுதாகப் போகாது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்தான சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறவர் செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடியைச் சாப்பிட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சங்கு பற்பம் சுண்ணாம்புச் சத்து, ரசச் செந்தூரம் பாதரசம்; பாதரசமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பெயரை முழுதாகக் கேட்டு எழுதுவது இதற்காகத்தான்.

முள்சீத்தா ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுச் செல்லைக் கொன்றது உண்மை. மனிதருக்குக் குணமானதாக நிரூபணம் இல்லை. அதிலுள்ள அனோனாசின் நரம்பு நஞ்சு. கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் நோயோடு இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் தொடர்புபடுத்தி 1999இலேயே எழுதினார்கள். கீமோவில் ஏற்கெனவே விரல் மரத்துப்போனவருக்கு இது வேண்டவே வேண்டாம்.

"இயற்கைதானே" என்பவரிடம் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தைக் காட்டுங்கள். வேலியோர நித்தியகல்யாணியிலிருந்து எடுத்ததுதான். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்தால் எத்தனை மில்லிகிராம் இறங்கும், யார் அளந்தது?

கீமோவையே விட்டுவிட்டுப் போகிறேன் என்பவர் வேறு ரகம். அமெரிக்காவில் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்தரை மடங்குக்கும் மேல். இதை எடுத்ததும் வீசாதீர்கள். முதலில் பயம் எதில் என்று கேளுங்கள்: முடியா, வாந்தியா, பணமா? வாந்திக்கு மாத்திரை மாற்றலாம், பணத்துக்குக் காப்பீட்டுத் திட்ட கவுண்டருக்கு அனுப்பலாம்.

அப்படியும் போகிறார் என்றால், அடுத்த ஸ்கேன் தேதியையும் வார்டு நம்பரையும் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். வைத்தியரிடம் காட்ட பயாப்சி ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுபோகட்டும். அசல் ஃபைலிலேயே இருக்கட்டும்.